வந்தேறி மீனா, அயல்மீனா?

போரூர் ஏரிக்கரையில் சென்ற ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவருக்கு, உடலெங்கும் எலும்புத் தகடு வேய்ந்த, கீழ்நோக்கிய வாயுடைய கரும்புள்ளி மீன் ஒன்று சிக்கியது. கெண்டையும் கெளுத்தியும் விராலும் பிடித்துப் பழகிய அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அருகில் நின்ற இளைஞர், "அண்ணா, இது வந்தேறி மீனு" என்று விளக்கினார். இந்த ஒரு மாதத்தில் அச்சொல்லை நான் கேட்பது நான்காம் முறை என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்றும் 'சக்கர்' என்றும் விற்கப்படுவது. கண்ணாடித் தொட்டியில் படியும் பாசியை மேயும் என்று விரல் நீளத்தில் வாங்குகிறார்கள். முழங்கை நீளம் வளர்ந்து தொட்டி போதாமல் போனதும், கொல்ல மனம் வராமல், ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். நீரில் உயிர்வளி குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கி இரைப்பை வழியே மூச்சு விடக்கூடியது என்பதால் சாக்கடை கலந்த நீரிலும் அது பிழைக்கிறது. கரையைக் குடைந்து முட்டையிடுகிறது, துடுப்பு முள்ளால் வலையைக் கிழிக்கிறது. விலைக்கும் போவதில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். வந்து, ஏறு என்னும் இரண்டுடன் இகர விகுதி சேர்ந்தது வந்தேறி. மரங்கொத்தி என்றால் மரத்தைக் கொத்துவது எது என்று தெரிவதுபோல, வந்தேறி என்றால் தானே வந்து தானே ஏறிக்கொண்டது என்று பொருள்படும். இந்த மீனோ வரவில்லை, கொண்டுவரப்பட்டது. கடலைத் தாண்டி விமானத்தில் வந்ததும், நெகிழிப் பையில் வீடு சேர்ந்ததும், வாளியில் ஏரிக்குப் போனதும் அதன் செயல்கள் அல்ல. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று நீர்நிலைகளில் விடப்பட்ட கம்பூசியாவும் அப்படித்தான். செய்தவரை மறைத்துவிட்டுச் செயலை மீனின் தலையில் கட்டும் சொல்லை அறிவியல் சொல்லாக ஏற்பது தவறு. மேடைகளில் மனிதர்களை நோக்கி வசையாக எறியப்படும் சொல் அது என்பது என் அடுத்த மறுப்பு. ஒரு கெளுத்தியின் உறவுக்கார மீனை வகைப்படுத்த அந்த நஞ்சு தேவையில்லை.

'வெளிநாட்டு மீன்' என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் காசு கொடுத்து வாங்கும் கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியின் ஆறுகளுக்கு உரியவை. காவிரிக்கு அவற்றை மனிதர்களே கொண்டுவந்தார்கள். நாட்டின் எல்லை மீனுக்குத் தெரியாது, அதற்கு எல்லை ஆற்றுப்படுகைதான். கட்லா இந்திய மீன், ஆனால் காவிரிக்கு அயல்.

'ஆக்கிரமிப்பு மீன்' என்பது, 'இன்வேசிவ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நாளிதழ் மொழிபெயர்ப்பாளர்கள் காட்டிய கைவண்ணம். அது வடசொல் என்பதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்னையில் 'ஏரியில் ஆக்கிரமிப்பு' என்று தலைப்பிட்டால் எந்த வாசகர் மீனை நினைப்பார்? பட்டாவும் புல்டோசரும்தான் கண்முன் வரும். ஆங்கிலச் சொல்லுக்கு நேராக அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து வைத்துவிட்டு, அந்தச் சொல் ஊரில் ஏற்கெனவே என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்காத பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களை விட்டுப் போவதாகத் தெரியவில்லை. இவர்களைவிட மக்கள் மேல். 1952இல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியாவின் பெயர், ஆப்பிரிக்காவின் சுவானா மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அதை நம் மீன்காரர்கள் ஒலி மருவி 'ஜிலேபி' ஆக்கி, கெண்டை என்பதையும் சேர்த்து 'ஜிலேபிக் கெண்டை' என்று கூடையில் வைத்துவிட்டார்கள்.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'வம்ப மீன்' என்று பரிந்துரைத்தார். குறுந்தொகையில் பருவமல்லாப் பருவத்தில் பெய்யும் மழை 'வம்ப மாரி'. வம்பு என்றால் புதுமை. அழகான சொல்தான். ஆனால் இன்று வம்பு என்றால் சண்டைக்கு இழுப்பது. வலையைக் கிழிக்கும் இந்த மீனுக்கு அது பொருந்தினாலும் கட்லாவுக்குப் பொருந்தாதே.

ஆகவே, ஓரிடத்துக்கு இயற்கையில் உரியதல்லாத மீனுக்கு அயல்மீன் என்பதே போதும். அயல் என்றால் பக்கத்து வீடு அல்லவா, தென்னமெரிக்கா எப்படி அயலாகும் என்று கேட்பார்கள். அயல்நாடு, அயல்மொழி, அயலகத் தமிழர் என்று சொல்லும்போது யாரும் தூரத்தை அளப்பதில்லை. பெருகி உள்ளூர் மீன்களை நலிவிப்பதை மட்டும் 'கேடுசெய் அயல்மீன்' என்று பிரித்துச் சொல்லலாம். எல்லா அயல்மீனும் கேடு செய்வதில்லை என்னும் வேறுபாடு அப்போது சொல்லிலேயே நிற்கும்.

புணர்ச்சி விதிப்படி கல்லும் மலையும் கன்மலை ஆவதுபோல இதுவும் 'அயன்மீன்' ஆக வேண்டும் என்று இலக்கண ஆசிரியர்கள் திருத்த வரக்கூடும். அயன் என்றால் பிரமன். பிரமனின் மீன் என்று படிக்கப்படுவதைவிட, விதியை இந்த ஓரிடத்தில் தளர்த்தி அயல்மீன் என்றே எழுதிவிடுவது நல்லது.