ராணியைச் சும்மா கொடுத்தார், ஏழாவது நகர்த்தலில் மேட்

வேலூர்க் கோட்டை அகழியோரம் வெயில் தாழ்ந்ததும் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு அண்ணனோடு செஸ் ஆடினேன். ஐந்தாவது நகர்த்தலில் அவர் குதிரையால் என் நடுச் சிப்பாயை வெட்டினார், குதிரை விலகியதும் அவருடைய ராணி என் பிஷப்பின் வழியில் மாட்டியது. விட மனசு வருமா? வெட்டினேன். பிஷப்பால் செக், ராஜா மேலே ஏறியது, அடுத்த குதிரை வந்து மேட், ராஜாவுக்குத் தப்ப வழியில்லை. 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் லெகால் பெயரில் வழங்கும் பழைய பொறி இது.

வீட்டுக்கு வந்து லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் ஆட்டத்தை ஏற்றினேன். அங்கே அலசுவது ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச எஞ்சின், அதாவது நகர்த்தல்களைக் கணக்குப் போடும் மென்பொருள். ஆளுக்கு இரண்டு முறை நகர்த்துவதற்குள் 1,97,281 வழிகள் உண்டு என்பதால், எல்லாவற்றையும் அது கடைசிவரை துழாவுவதில்லை. ஒரு நகர்த்தலுக்கு எதிராளியிடம் நல்ல பதிலடி ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அந்தக் கிளையை அதோடு விட்டுவிடும். ஆனால் வெட்டுக்குத்து நடக்கும்போது நடுவில் நின்று கணக்குப் போடாது. நின்றிருந்தால் என்னைப் போலவே 'ராணி லாபம்' என்றுதான் சொல்லியிருக்கும். சண்டை அடங்கியபின் எஞ்சும் நிலையைத்தான் மதிப்பிடும். 2020-இல் இந்த மதிப்பீட்டுக்கு உதவியாக நரம்பு வலைப்பின்னல் (நியூரல் நெட்வொர்க்) வந்தது, இப்போது மதிப்பீடு முழுக்க அதன் வேலைதான்.

சரி, தவறான நகர்த்தலுக்குக் கேள்விக்குறி எப்படி விழுகிறது? ஸ்டாக்ஃபிஷ் தரும் மதிப்பெண்ணை லிசெஸ் வெற்றி வாய்ப்பாக மாற்றுகிறது: ஒரு சிப்பாய் அளவு முன்னிலை என்றால் சுமார் 59 சதவீதம், மூன்று என்றால் 75, ஒன்பது என்றால் 96. ஆகவே ஒன்பதிலிருந்து ஆறுக்கு இறங்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, சமநிலையில் அதே மூன்றை இழந்தால் வாய்ப்பு பாதியாகிவிடும்.

என் ஆட்டத்தில் முதல் தவறாக அது காட்டியது ராணியை வெட்டியதை அல்ல. அதற்கு முன்பே, பிஷப்புக்கு வழிவிடலாம் என்று ஓரமாக ஒரு சிப்பாயைத் தள்ளியிருந்தேனே, அதைத்தான். அதற்கப்புறம் ராணியைத் தொடாமல் அந்தக் குதிரையை வெட்டியிருந்தாலும் ஒரு சிப்பாய் நஷ்டம்தான். சிப்பாய்க்குப் பதில் ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்திருந்தால், கடைசியில் மேட் சொன்ன குதிரையை அதுவே வெட்டியிருக்கும்.

மறுநாள் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "நீ குதிரைய எடுக்கலன்னு பாத்துட்டுதாம்பா ராணியக் குடுத்தேன்" என்றார்.