கடைக்குப் போன டிவி, விற்ற டிவி அல்ல

மின்னணுப் பொருள் நிறுவனங்களில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் பல வருடங்கள் குப்பை கொட்டியவன் நான். அடுத்த மூன்று மாதத்துக்கு எந்த மாடலில் எத்தனை செய்வது, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு ஆர்டர் போடுவது என்று கணக்குப் போடுகிற வேலை. கணக்கு சரியாக வந்தால் என் பெயர் யாருக்கும் தெரியாது. தப்பினால் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும்.

ஒரு மாதக் கடைசிக் கூட்டம் இன்னும் நினைவில் இருக்கிறது. விற்பனைத் தலைவர் திரையில் காட்டிய கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. டார்கெட்டைத் தாண்டியாச்சு, கைதட்டல் எல்லாம் ஆச்சு. அறையை விட்டு வெளியே வந்தால் குடோன் பொறுப்பாளரிடமிருந்து போன். "சார், டீலருங்க வண்டியைத் திருப்பி அனுப்பறாங்க. அவங்ககிட்ட இறக்க இடமே இல்லையாம். நான் இதை எங்க கொண்டுபோய் வைக்கறது?"

திரையில் பார்த்ததும் பொய்யில்லை, போனில் கேட்டதும் பொய்யில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் சரக்கு டீலருக்குப் போய் பில் போட்டதுமே அது விற்பனை. டீலரிடமிருந்து அது யார் வீட்டுக்காவது போனதா என்பது வேறு கணக்கு. வியாபாரம் நன்றாக நடக்கும் காலத்தில் இரண்டும் ஒட்டியே ஓடும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். மந்தம் தொடங்கும்போது இவை முதலில் பிரிகின்றன. பிரிந்ததைக் கம்பெனி ஒத்துக்கொள்ள ஒன்றிரண்டு காலாண்டு ஆகிறது. அதற்குள் ஸ்கீம் கொடுத்து, கூடுதல் கடன் நாள் கொடுத்து, டீலர் தலையில் இன்னும் கொஞ்சம் கட்டியிருப்பார்கள்.

மந்தம் வந்தால் மக்கள் கையில் காசு இல்லை, அதனால் டிவி விற்கவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதிதான். சாப்பாட்டையும் மருந்தையும் தள்ளிப்போட முடியாது. டிவி, லேப்டாப், கேமரா அப்படியல்ல. பழையது ஓடும்வரை புதியது அவசரமில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் வந்தால் காசு இருப்பவரும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிற பொருளை எல்லோரும் ஆறு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஒருவர்கூட அந்தப் பொருளைக் கைவிடாமலே ஆண்டு விற்பனை ஆறில் ஒரு பங்கு சரிந்துவிடும்.

அந்தச் சரிவு தொழிற்சாலைக்கு வந்து சேரும்போது எப்படிப் பெருகியிருக்கும் என்பதைப் புது ஆட்களுக்கு நான் ஒரு சின்னக் கணக்காகப் போட்டுக் காட்டுவேன். ஒரு கடை வாரம் 100 டிவி விற்கிறது. நான்கு வார ஸ்டாக், அதாவது 400 எப்போதும் கையில் இருக்க வேண்டும். ஒரு வாரம் விற்பனை 90 ஆகிறது. மீதி 310. இனி வாரம் 90 தான் என்று முடிவு செய்தால் தேவையான ஸ்டாக் 360. ஆக அந்த வாரம் ஆர்டர் 50. வாடிக்கையாளர் குறைத்தது பத்து சதவீதம், கடை குறைத்தது பாதி. மேலே இருக்கும் விநியோகஸ்தரும் 400 வைத்திருக்கிறார். 50 அனுப்பியதும் மீதி 350. வாரம் 50 என்றால் அவருக்கு 200 போதும். அவர் தொழிற்சாலைக்குப் போடும் ஆர்டர் பூஜ்யம்.

எம்ஐடி பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் இந்த ஆட்டத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே விளக்கிவிட்டார். விநியோகத் துறையில் இதைச் சாட்டை விளைவு என்போம். கைப்பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு. நாங்கள் உட்கார்ந்திருப்பது நுனியில்.

சரி, ஆர்டர் வரவில்லை என்றால் உற்பத்தியை நிறுத்திவிடலாமே? இங்கேதான் பழைய, பெரிய நிறுவனம் மாட்டிக்கொள்கிறது. ஒரு பொருளின் விலை 100, மூலப்பொருள் செலவு 70 என்று வையுங்கள். நூறு பொருள் விற்றால் 3,000 மிஞ்சும். கட்டடம், இயந்திரத் தேய்மானம், சம்பளம், வட்டி எல்லாம் 2,500. லாபம் 500. விற்பனை எண்பதாகக் குறைந்தால் மிஞ்சுவது 2,400, ஆகவே 100 நஷ்டம். தேங்கியதைத் தள்ள விலையைப் பத்து சதவீதம் குறைத்தால் மிஞ்சுவது 1,600, நஷ்டம் 900. அந்த 2,500 மட்டும் ஒரு காசுகூடக் குறையாமல் நிற்கும்.

ஷார்ப் நிறுவனத்தின் சாகாய் ஆலையைவிட இதற்கு நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எல்சிடி டிவி சூடாக விற்ற 2007இல் அறிவித்தார்கள். கிட்டத்தட்ட 2.9 மீட்டருக்கு 3.1 மீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகளைக் கையாளும் பத்தாம் தலைமுறை ஆலை. அன்று உலகில் அதைவிடப் பெரிய தகட்டில் பேனல், அதாவது டிவியின் திரை, செய்தவர் யாருமில்லை. ஓட ஆரம்பித்தது 2009 அக்டோபரில். இடையில் 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் சரிந்து, உலகமே வேறாகியிருந்தது. திட்டமிட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இப்படி ஓர் ஆலை கட்ட இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும், மந்தம் முன்கூட்டி நோட்டீஸ் கொடுப்பதில்லை. 2011 நிதியாண்டில் ஷார்ப்பின் நிகர நஷ்டம் சுமார் 37,600 கோடி யென். 2016இல் நிறுவனமே தைவானின் ஹோன் ஹாய் (ஃபாக்ஸ்கான்) நிறுவனத்தின் கைக்குப் போனது. சாகாயில் டிவி பேனல் உற்பத்தி 2024இல் நின்றது.

குடோனில் கிடக்கும் சரக்கு வெறுமனே கிடப்பதில்லை, வெயிலில் வைத்த பனிக்கட்டி போலக் கரைகிறது. பேனல் விலையும் மெமரி விலையும் தேவை குறைந்தால் மாதாமாதம் இறங்கும். நேற்றைய விலைக்கு வாங்கிய பாகத்தை வைத்துச் செய்த டிவி, இன்றைய விலைக்குப் பாகம் வாங்கும் போட்டியாளரின் புது மாடல் பக்கத்தில் நிற்க வேண்டும். கணக்கு விதிப்படி, அடக்க விலையைவிடக் கிடைக்கப்போகும் விலை குறைந்தால் அந்த வித்தியாசத்தை உடனே நஷ்டமாக எழுத வேண்டும். ஒரு காலாண்டில் திடீரென்று பெரிய நஷ்டம் வெளிவரும்போது, அதில் நல்ல பங்கு ஆறு மாதமாகவே குடோனில் கரைந்துகொண்டிருந்ததுதான்.

வெளியே யாருக்கும் அதிகம் தெரியாத இன்னொரு சுமையும் உண்டு. விலை குறைத்தால் டீலரிடம் ஏற்கெனவே இருக்கும் சரக்குக்கும் வித்தியாசத்தைக் கிரெடிட் நோட்டாகக் கொடுப்பதாக ஒப்பந்தம் இருக்கும். பிரைஸ் ப்ரொடெக்ஷன் என்பார்கள். முன்பு சொன்ன அந்தக் கம்பெனியில் விலைக் குறைப்பு பற்றி மூன்று கூட்டம் போட்டோம். மூன்றிலும் முடிவு எடுக்கவில்லை. காரணம், விலையைத் தொட்டால் டீலர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகை அந்தக் காலாண்டின் லாபத்தையே தின்றுவிடும். தள்ளிப்போட்டோம். நான்காவது கூட்டத்தில் குறைத்தபோது சந்தை விலை நாங்கள் நினைத்ததற்கும் கீழே போயிருந்தது. அந்த மூன்று கூட்டத்திலும் நானும் வாயைத் திறக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

புதிதாக வந்தவருக்கு இந்தச் சங்கிலி எதுவும் காலில் இல்லை. விஸியோ 2002இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. சொந்த ஆலை கிடையாது, தைவான் கம்பெனிகள் செய்து கொடுத்தன. பெரிய தள்ளுபடிக் கடைகள் வழியாக விற்றது. 2007 நடுவில் வட அமெரிக்காவில் அதிக எல்சிடி டிவி அனுப்பிய நிறுவனம் அதுதான். மந்தத்தில் மக்கள் கீழே இறங்கித் தேடும்போது இப்படிப்பட்டவர் அங்கே ஏற்கெனவே நிற்கிறார். பழைய பிராண்டும் கூடவே இறங்கலாம், ஆனால் அப்படி இறங்கினால் மேல்தட்டு மாடலின் விலையை அப்புறம் யார் நம்புவார்கள்? நடு விலையில் நின்றவர் பாடுதான் திண்டாட்டம். மேலே ஏற வாடிக்கையாளர் இல்லை, கீழே இறங்க மார்ஜின் இல்லை.

நல்ல பொருள் செய்தால் தப்பிக்கலாம் என்று பொறியாளர்கள் நம்புவது வழக்கம். பயனியரின் குரோ பிளாஸ்மா டிவியைப் பார்த்தவர்கள் அதன் கறுப்பு நிறத்தை இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். 2009 பிப்ரவரியில் பயனியர் டிவி தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது.

அந்தச் சமயத்தில் ஜப்பானிய நிறுவனங்களுக்கு நாணயமும் எதிரியானது. 2007 நடுவில் ஒரு டாலர் 120 யென்னுக்கு மேல், 2008 முடிவில் சுமார் 90. ஆயிரம் டாலருக்கு விற்ற பொருளில் ஒரு லட்சத்து இருபதாயிரம் யென் வந்த இடத்தில் தொண்ணூறாயிரம். ஒருவரும் தப்பு செய்யாமலே கால்வாசி போய்விட்டது. அதே நேரம் கொரிய வோன் வீழ்ந்ததால் சாம்சங், எல்ஜிக்குக் காற்று பின்னாலிருந்து அடித்தது. 2008 நிதியாண்டில் ஹிட்டாச்சிக்கு 78,000 கோடி யென்னைத் தாண்டிய நிகர நஷ்டம், பானசோனிக்குக்குச் சுமார் 37,900 கோடி, சோனிக்குச் சுமார் 9,900 கோடி. சாம்சங்கோ 2009இல் முதன்முறையாக 100 லட்சம் கோடி வோன் வருமானத்தையும் 10 லட்சம் கோடி வோன் செயல்பாட்டு லாபத்தையும் ஒருசேரத் தாண்டியது. வோன் மட்டுமே காரணம் என்றால் அநியாயம். மந்தத்தின் நடுவில், 2009 மார்ச்சில், எல்இடி டிவி வரிசையைத் துணிந்து இறக்கினார்கள்.

ஆட்குறைப்புக்கு வருவோம். பானசோனிக் 2009இல் 15,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. அதன் நிறுவனர் கொனோசுகே மத்சுஷிதா 1929 டிசம்பரில் இதே நிலையில் இருந்தார். விற்பனை பாதியாகி, குடோன் நிரம்பி வழிந்தது. பாதிப் பேரை அனுப்பிவிடலாம் என்று உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் உற்பத்தியைப் பாதியாக்கினார், அரை நாள் வேலைக்கு முழுச் சம்பளம் கொடுத்தார், மீதி நேரத்தில் எல்லோரையும் சரக்கு விற்க அனுப்பினார். இரண்டு மாதத்தில் ஸ்டாக் தீர்ந்தது. இந்தக் கதையை மனிதாபிமானக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு திட்டமிடல்காரன் தெரிகிறான்: முதலில் குழாயை மூடினார், பிறகு தொட்டியைக் காலி செய்தார். லட்சக்கணக்கானோர் வேலை செய்யும் நாடுகள் கடந்த நிறுவனத்தில் அதே வழி நடக்காது என்று வாதிடலாம். குழாயை முதலில் மூடுவது எந்த அளவிலும் நடக்கும்.

2008இல் கற்றதை 2020இல் மறந்தோம். தொற்றுக்காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் லேப்டாப்பும் டிவியும் வாங்கினார்கள். சிப் கிடைக்கவில்லை. கிடைக்காதென்ற பயத்தில் ஒவ்வொருவரும் தேவைக்கு மேல் ஆர்டர் போட்டோம், நானும்தான். 2022இல் அந்த ஆர்டரெல்லாம் வந்து இறங்கியபோது வாங்குகிறவர் வாங்கி முடித்திருந்தார். சந்தை ஆய்வு நிறுவனமான ஐடிசி கணக்குப்படி 2023 முதல் காலாண்டில் உலகக் கணினி அனுப்பல் முந்தைய ஆண்டைவிட 29 சதவீதம் குறைவு. அதே காலாண்டில் சாம்சங்கின் செயல்பாட்டு லாபம் 95 சதவீதம் வீழ்ந்தது. மெமரி உற்பத்தியைக் குறைப்பதாக அது வாயால் சொன்னது அந்த ஏப்ரலில்தான்.

இந்தத் துறையில் வேலை செய்பவர்கள், பாகம் சப்ளை செய்பவர்கள், பங்கு வைத்திருப்பவர்கள் விற்பனை எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். நிதி அறிக்கையில் கையிருப்பும் வரவேண்டிய பாக்கியும் விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து வளர்ந்தால் சரக்கு எங்கோ அடைபட்டிருக்கிறது. சிறு சப்ளையர்களே, அறுபது நாளில் வந்த பணம் தொண்ணூறு நாளாகும்போது அது கணக்குப் பிரிவின் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கடையும் கவிழும். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கடைகளோடு இருந்த சர்க்யூட் சிட்டி 2008 நவம்பரில் திவால் மனு கொடுத்தபோது, பணம் வரவேண்டியவர்கள் பட்டியலின் உச்சியில் ஹெச்பி, சாம்சங், சோனி இருந்தன. 2009 மார்ச்சில் கடைசிக் கடையும் மூடியது. வாங்குபவர்களுக்கு மந்தத்தில் நல்ல விலை கிடைக்கும், அதைத் தவறவிட வேண்டாம். ஆனால் ஒரு நிறுவனம் அந்தத் தொழிலை விட்டே போகப்போகிறது என்று செய்தி அடிபட்டால், தள்ளுபடியைப் பார்ப்பதற்கு முன் வாரண்டியை யார் ஏற்பார்கள், ஸ்பேர் எத்தனை வருடம் கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.

அந்தக் குடோன் டிவிகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். கடைசி லாட் வெளியே போக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. உள்ளே இருந்த பேனலுக்கு நாங்கள் கொடுத்த விலைகூட அதில் வரவில்லை. மொத்தமாக ஒரே மாதத்தில் பில் போட்டதால், அந்த மாதக் கூட்டத்திலும் திரையில் கோடு மேலேதான் போனது.