உங்கள் கார் எப்போது உதறுகிறது?

போன மாங்காய் சீசனில் பாலக்கோட்டுப் பக்கமிருந்து ஒருவர் என் பட்டறைக்குக் காரைக் கொண்டுவந்தார். "அண்ணா, எண்பதைத் தாண்டினா ஸ்டியரிங் உதறுது. ரெண்டு தடவை பேலன்சிங் பண்ணியாச்சு, போக மாட்டேங்குது" என்றார். மறுநாள் விடியற்காலையில் குடும்பத்தோடு பெங்களூர் கிளம்ப வேண்டுமாம்.

வண்டியைத் தூக்கி முன்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். வெளிப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. டயரின் உட்பக்கச் சுவரில் விரலை வைத்துச் சுற்றியபோது, எலுமிச்சம்பழத்தில் பாதி அளவுக்கு ஒரு புடைப்பு தட்டுப்பட்டது. ஏதோ ஒரு பள்ளத்தில் இடித்து உள்ளே இருக்கும் இழைகள் அறுந்திருக்கின்றன. அந்த இடத்தில் வெறும் ரப்பர்தான் காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவரையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். புது டயர் போட்ட பிறகுதான் வண்டியை எடுத்தார்.

பேலன்சிங் மெஷின் சக்கரத்தில் எந்த இடத்தில் எத்தனை கிராம் எடை குறைகிறது என்றுதான் சொல்லும். டயரின் வடிவம் கெட்டிருப்பதைக் கண்ணும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும். உதறலோடு வருகிற வண்டிக்கு, காரணம் பார்க்காமல் பேலன்சிங், அலைன்மென்ட் என்று செய்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஓரம் தேயும். உதறலுக்கு அது பெரும்பாலும் காரணமாக இருக்காது.

எப்போது உதறுகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. 80-லிருந்து 100-க்குள் மட்டும் ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரங்களைப் பாருங்கள். ஸ்டியரிங் சும்மா இருந்து சீட் மட்டும் அதிர்ந்தால் பின்சக்கரங்கள். பேலன்சிங்குக்காக ரிம்மில் ஒட்டியிருந்த ஈயக்கட்டி விழுந்திருக்கலாம். விழுந்த இடம் மட்டும் அழுக்குப் படாமல் பளிச்சென்று தெரியும். நம் ஊர் செம்மண் ரிம்மின் உட்புறம் அப்பிக் காய்ந்து போனாலும் இதே ஆட்டம்தான். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் போய்வரும் வண்டிகளுக்கு முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன்.

பிரேக் மிதித்தால் மட்டும் உதறினால், சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கைத்தான் பார்க்க வேண்டும். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது பலர் டாப் கியரிலேயே பிரேக்கை மிதித்தபடி போகிறார்கள். டிஸ்க் கொதித்துப்போகிறது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடின் பூச்சு அதன் மேல் திட்டுத் திட்டாக ஒட்டுகிறது. நாளாக ஆக டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறி, மிதிக்கும்போதெல்லாம் பெடல் காலைத் தள்ளும். அந்த இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். டிஸ்க்குக்காக மட்டும் சொல்லவில்லை. சூடேறிய பிரேக் கடைசியில் பிடிக்காமலே போய்விடும்.

ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் அதிர்வா? சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டின் உள்பக்க ஜாயின்ட்டைச் சந்தேகப்படலாம். சிக்னலில் நிற்கும்போது அதிர்ந்து, ஏசி போட்டதும் கூடினால், இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்.

உதறல் இல்லாமல் சவாரி மட்டும் கரடுமுரடாக இருந்தால் முதலில் காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் எவ்வளவு காற்று என்று போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் 33 என்று போட்டிருக்க, மைலேஜுக்காக 40 அடித்துக்கொண்டு "ஷாக் அப்சார்பர் போச்சுண்ணா" என்று வருபவர்கள் உண்டு. டயர் சூடாவதற்கு முன் அளந்தால்தான் கணக்கு சரியாக வரும். காற்று சரியாக இருந்தும் வேகத்தடை தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை துள்ளினால், ஷாக் மேல் எண்ணெய் கசிந்திருந்தால், அப்போது ஷாக்கை மாற்றலாம். சின்னப் பள்ளத்திலும் 'கடக் கடக்' என்றால் சக்கரத்துக்குப் பக்கத்தில் வண்டியின் அடியில் இருக்கும் லிங்க் ராடையும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். விலை குறைந்த ஒரு புஷ்ஷுக்காக நான்கு ஷாக்கையும் மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு என்னிடம் வந்தவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

அதனால் பட்டறைக்குப் போனால் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். எந்த வேகத்தில், பிரேக்கிலா, திருப்பத்திலா, எத்தனை நாளாக என்று சொல்லுங்கள். அப்புறம், மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அந்த உதறல் வரும்வரை பைபாஸில் ஒரு நடை போய் வாருங்கள்.