பம்ப் பிரஷர் 9 பார்: அந்த ஸ்க்ரூ உண்மையில என்ன பண்ணுது?

எஸ்பிரெசோ மெஷினோட பம்ப் பிரஷர 9 பாருக்கு (பார்ங்கறது பிரஷரோட அளவு) வைக்கறதுக்கு பம்ப்ல ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதப் பத்திதான் இது. கடைல வைக்கற மெஷின்ல பொதுவா ரெண்டு பிரஷர் மீட்டர் முள்ளு இருக்கும். ஒண்ணு பாய்லர் நீராவி பிரஷர், 1-லேந்து 1.5 பாருக்குள்ள நிக்கும். இன்னொண்ணு 15, 16 பார் வரைக்கும் கோடு போட்டது, அதான் பம்ப்புக்கு. சும்மா இருக்கறப்ப அந்த பம்ப் முள்ளு என்ன காட்டுனாலும் கண்டுக்காதீங்க, குழாய் லைன்ல வர்ற தண்ணியோட பிரஷர காட்டலாம், இல்ல தண்ணி சூடாகி விரியறதால 10, 11ன்னு கூட ஏறி நிக்கலாம். காபித்தூள் வழியா தண்ணி இறங்கறப்ப காட்டுதே, அந்த நம்பர்தான் கணக்கு.

மோட்டார் பம்ப் வச்ச மெஷின் பிரபலமானது 1961-ல ஃபேமா ஈ61 வந்தப்புறம்தான், அதுக்கு முன்னாடி லீவர இழுத்து ஸ்பிரிங்தான் தண்ணிய அழுத்தும். இப்ப பெரும்பாலும் இருக்கறது ரோட்டரி வேன் பம்ப். உள்ள மையத்துலேந்து கொஞ்சம் தள்ளி ஒரு ரோட்டர், அதுல கார்பன் தகடுங்க, மோட்டார் சுத்துனா தண்ணிய அள்ளி அள்ளி வெளிய தள்ளும், அவ்ளோதான் அதுக்குத் தெரியும். எதிர்ல தடை இருந்தாதான் பிரஷரே உண்டாகும்.

இந்த பம்ப்ல பலது மணிக்கு 100, 200 லிட்டர் தள்ளும், ஆனா ஒரு ஷாட்டுல, அதாவது ஒரு தடவ எஸ்பிரெசோ இறக்கறப்ப, கப்ல விழறது 30 செகண்ட்ல 40 கிராம் போல, அத மணிக்குன்னு போட்டா 5 லிட்டர் கூட வரல! மிச்சமெல்லாம் எங்க போகுது? பம்ப் உடம்புலயே ஒரு பைபாஸ் வால்வ் இருக்கு, ஸ்பிரிங் அழுத்திப் பிடிச்சிருக்கற சின்ன மூடி. பிரஷர் ஸ்பிரிங்க மீறுனா மூடி விலகி, தண்ணி திரும்ப உள்ள வர்ற பக்கத்துக்கே போயிடும். நாம திருகற ஸ்க்ரூ இறுக்கறது இந்த ஸ்பிரிங்கத்தான், பம்ப்போட வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

அதனாலதான் பம்ப் ஓடிட்டிருக்கறப்ப, அதுவும் தடை இருக்கறப்ப அட்ஜஸ்ட் பண்ணணும்னு சொல்றது. காபித்தூள் போட்டு ஷாட் ஓடவிடலாம், இல்ல தூள் போடற வடிகட்டிக்கு பதிலா ஓட்டை இல்லாத பிளைண்ட் பாஸ்கெட் மாட்டலாம். ஸ்க்ரூ மேல தொப்பி நட் இருந்தா முதல்ல அத கழட்டுங்க, வலப்பக்கம் திருகுனா ஏறும், இடப்பக்கம் திருகுனா இறங்கும், கால் சுத்து திருகிட்டு முள்ளப் பாத்துட்டு அப்புறம் அடுத்தது. அவசரப்பட்டு முழு சுத்து போட்டா முள்ளு எங்கயோ போய் நிக்கும். தண்ணி வால்வ் மூடியிருக்கறப்ப மட்டும் பம்ப்ப ஓட்டிடாதீங்க, தண்ணிதான் அதுக்கு மசகு, காஞ்சு ஓடுனா தகடு போயிடும்.

ஆனா ஸ்க்ரூவ தொடறதுக்கு முன்னாடி உள்ள வர்ற தண்ணியப் பாருங்க, நிறைய பேர் விடறது இங்கதான். சாதாரண பைபாஸ் வால்வ் பாக்கறது உள்ள வர்ற பிரஷருக்கும் வெளிய போறதுக்கும் உள்ள வித்தியாசத்தத்தான். அதாவது லைன்ல 3 பார் வந்து, ஸ்பிரிங் 6-க்கு செட் ஆகியிருந்தா வெளிய 9. ராத்திரி லைன் 4 ஆச்சுன்னா காபிக்கு 10. பம்ப்புக்கு முன்னாடி லைன் பிரஷர ஒரே அளவுல வைக்கற ஒரு ரெகுலேட்டர் இல்லாம 9-ல நிறுத்திட்டோம்னு சந்தோஷப்படறது வீண்தான். அதே மாதிரி பிரஷர் நாளாக நாளாக கொஞ்சம் கொஞ்சமா இறங்குதுன்னா ஸ்க்ரூ தானா கழண்டிருக்கும்னு நினைக்காதீங்க, ஃபில்டர் அடைச்சிருக்கலாம், தகடு தேஞ்சிருக்கலாம், அங்க ஸ்க்ரூவ இறுக்குனா பிரச்சனை மறையும், தீராது.

சரி, ஷாட் மெதுவா வருதுன்னு பிரஷர ஏத்தலாமா? என்னக் கேட்டா வேண்டாம். பிரஷர் ஏற ஏற தூள் இன்னும் இறுகும், 9-ஐத் தாண்டுனப்புறம் தண்ணி வேகமா வர்றதுக்கு பதிலா மந்தமாகறதும் உண்டு, இல்லன்னா எங்கயாவது ஒரு பக்கம் பிச்சிக்கிட்டு ஓடும். மெதுவா வந்தா அரவைய மாத்துங்க. கொஞ்சம் இறக்கி 6, 7 பார்ல வைக்கறவங்களும் இருக்காங்க, அப்பவும் அரவைய அதுக்கேத்த மாதிரி மாத்தித்தான் ஆகணும்.

செட் பண்ணி முடிச்சதும் ஷாட் ஓடறப்ப எக்ஸ்பான்ஷன் வால்வ்லேந்து (தண்ணி சூடாகி விரிஞ்சு பிரஷர் ஏறுனா வெளிய விடற வால்வ்) தண்ணி சொட்டுதான்னு ஒரு தடவ பாத்துடுங்க. அது பொதுவா 11, 12 பார் கிட்ட திறக்கறது, 9-லயே சொட்டுனா அந்த வால்வ்வ சுத்தம் பண்ணணும், இல்ல மாத்தணும்.