குளிகை கிட்னியைத் தின்னவில்லை

போன செவ்வாய்க்கிழமை கன்னியாகுமரி மாவட்டம் அருமனைப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். வயது 58. முப்பது வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறவர். வலது கால் பெருவிரலுக்கு அடியில் புண். சுற்றியிருந்த வேட்டித் துணியைப் பிரித்ததும் நர்ஸ் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். அவருக்கு வலி இல்லை. "நோவு ஒண்ணும் இல்ல மேடம், அதான் பாக்காம விட்டுட்டேன்." புண்ணில் வலி இல்லை என்றால் நரம்பு மரத்துப்போயிற்றே என்று எனக்கு வயிறு கலங்கும், அவருக்கோ அது ஆறுதலாக இருந்திருக்கிறது.

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 12.1. சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 4.6.

நான்கு வருடத்துக்கு முன்னால் இதே ஆள் என்னிடம் வந்தபோது கிரியாட்டினின் 1.1. சிறுநீரில் மட்டும் புரதம் கொஞ்சம் கசியத் தொடங்கியிருந்தது. பிடித்து நிறுத்தியிருக்கக்கூடிய கட்டம். எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரையை ஆறு மாதம் சாப்பிட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"குளிகை தின்னா கிட்னி பெய்ரும்னு எல்லாவனும் செல்லுதானுவ மேடம். எனக்க மச்சினனுக்கு அப்பிடித்தான பெய்ட்டு."

இந்தப் பதிலோடு இந்த வருடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆள்தான் மாறுகிறார், மச்சினன் மட்டும் எல்லார் வீட்டிலும் இருக்கிறார். ஆகவே இன்று அந்த மச்சினனைப் பற்றி எழுதுகிறேன்.

மச்சினனுக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருடம் இருக்கும். தோன்றினால் மாத்திரை போடுவார், கல்யாண வீடு வந்தால் விடுவார். கடைசியில் கால் வீங்கி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அங்கே டாக்டர் கிரியாட்டினினைப் பார்த்துவிட்டு, "இனி மெட்ஃபார்மின் மாத்திரை வேண்டாம், நிறுத்துங்கள்" என்கிறார். மொத்தக் குடும்பத்துக்கும் இந்த ஒரு வரி மட்டும் மனதில் தங்கிவிடுகிறது. டாக்டரே நிறுத்தச் சொன்னார், அப்படியானால் மாத்திரைதானே கெடுத்தது?

இல்லை ஐயா. மெட்ஃபார்மின் உடம்பை விட்டு வெளியேறும் வழி சிறுநீரகம். சிறுநீரகம் சோர்ந்துவிட்டால் மருந்து வெளியேறாமல் உள்ளே தேங்கும். தேங்கினால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. அதனால்தான் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் eGFR) 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைக்கிறோம், 30-க்குக் கீழே போனால் நிறுத்துகிறோம். ஏற்கெனவே கெட்டுப்போன சிறுநீரகத்துக்காக மருந்தை விலக்குகிறோம். மருந்து கெடுத்ததால் அல்ல. இந்த வித்தியாசத்தை ஒரு நாளில் பத்துத் தடவை சொல்கிறேன். பதினோராவது ஆள் மறுபடியும் மச்சினனோடு வருகிறார்.

டயாலிசிஸுக்குப் போகிற சர்க்கரை நோயாளிகள் பெரும்பாலும் மாத்திரை சாப்பிட்டவர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் விளையில் வண்டு குருத்தைத் தின்று முடித்த பிறகு தென்னைக்கு மருந்து வைக்கிறீர்கள். மரம் பட்டுப்போகிறது. மருந்து வைத்ததால் பட்டுப்போனது என்று எந்த விவசாயியாவது சொல்வாரா? தென்னைக்கு இருக்கிற நியாயம் குளிகைக்குக் கிடையாதா?

மெட்ஃபார்மினுக்கு இந்தக் கெட்ட பெயர் வந்ததில் பழைய குடும்பக் கதை ஒன்றும் உண்டு. ஃபென்ஃபார்மின் என்று இதற்கு ஒரு உடன்பிறப்பு இருந்தது. ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டியதால் 1970-களில் பல நாடுகளில் அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பயம் மெட்ஃபார்மின் மேலும் ஒட்டிக்கொண்டது. பிரான்சில் 1957-லேயே நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 1994-ல்தான். அவ்வளவு தயங்கித் தயங்கிச் சோதித்து ஏற்றுக்கொண்ட மருந்தைத்தான், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரே நிமிடத்தில் விஷம் என்று தீர்ப்பு எழுதுகிறோம்.

இதில் எனக்கு அடிவயிறு எரிகிற இடம் ஒன்று உண்டு. அருமனைக்காரரின் சட்டைப் பையில் ஒரு பாதி ஸ்ட்ரிப் இருந்தது. சர்க்கரை மாத்திரை அல்ல, வலி மாத்திரை. தோள் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, தினமும் ஒன்று, சில நாள் இரண்டு, மூன்று வருடமாக. டைக்ளோஃபினாக்கும் அசெக்ளோஃபினாக்கும்தான் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தை நிஜமாகவே பதம் பார்க்கிறவை. அதை வாங்கும்போது யாருக்கும் கிட்னி ஞாபகம் வருவதில்லை, ஏனென்றால் அது உடனே கேட்கிறது. சர்க்கரை மாத்திரை போட்டால் "கேட்டது" என்று எதுவும் உடம்பில் தெரியாது. அதுதான் அது செய்த பாவம்.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றும் மாத்திரைகள் இருக்கின்றன. சர்க்கரைக்கென்று வந்த இவற்றை இன்று சிறுநீரகம் காக்கவே எழுதுகிறோம். சர்க்கரையே இல்லாத சிறுநீரக நோயாளிக்கும் இதயம் பலவீனமானவருக்கும்கூட. டாபாக்ளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை இந்தியாவில் 2020-ல் முடிந்தது. அதற்குப் பிறகு விலையும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. கிட்னிக்குப் பயந்து நீங்கள் தூக்கி எறிகிற சீட்டில் கிட்னியைக் காக்கிற மாத்திரையும் இருக்கலாம்.

சரி, வருடக்கணக்கில் சாப்பிட்டால் இந்த மாத்திரைகளால் ஒரு தொந்தரவும் இல்லையா? இருக்கிறது. ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தில் இல்லை.

மெட்ஃபார்மினையே எடுத்துக்கொள்வோம். முதல் சில வாரம் வயிறு பொருமும், பேதி போகும். சாப்பாட்டோடு போட்டு, குறைந்த அளவில் தொடங்கி ஏற்றினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். மெதுவாகக் கரையும் வகையை எழுதிக் கொடுத்தால், "குளிகை அப்படியே முழுசா வெளிய வருது மேடம், டூப்ளிகேட் மருந்து" என்று சண்டைக்கு வருகிறார்கள். வெளியே வருவது கூடு. மருந்து உள்ளே இறங்கிவிட்டது. நிம்மதியாக இருங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது பி12. பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் இந்த வைட்டமின் உடம்பில் சேர்வது குறையும். தக்கலையில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், சைவம், ஒன்பது வருடமாக மெட்ஃபார்மின். கூடவே நெஞ்செரிச்சலுக்குத் தினமும் ஒரு பான்டோபிரசோல். அதுவும் பி12-ஐக் குறைக்கும். ராத்திரி பாதம் தீயாக எரிகிறது என்று ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறார். சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்று இரண்டு இடத்தில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ரத்தத்தில் பி12 பார்த்தால் பாதாளத்தில். ஊசி போட்டு இரண்டு மாதத்தில் ஈரத்துணியை விட்டார். மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை. நாலைந்து வருடம் தாண்டியவர்கள் டாக்டரிடம் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

நான் நிஜமாகப் பயப்படுகிற மருந்து வேறு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை. நல்ல மருந்து, மலிவு, வேகமாக வேலை செய்யும். ஆனால் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. பால் வெட்டுகிறவர்கள் விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார்கள். சாயாவோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, சாப்பாடு ஒன்பது மணிக்கு. குலசேகரம் பக்கம் ஒருவரை அவர் மனைவி தேடிப் போய்க் கண்டுபிடித்தார். மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார், தலைவிளக்கு எரிகிறது, சிரட்டை கவிழ்ந்து பால் மடியெல்லாம் ஒழுகியிருக்கிறது, கூப்பிட்டால் முழிக்கிறார், பேச்சில்லை. சர்க்கரை 38-க்கு இறங்கியிருந்தது. குடித்திருக்கிறான் என்று பக்கத்து மரக்காரர் சொன்னாராம்.

சாப்பாடு இல்லை என்றால் அந்த மாத்திரையும் இல்லை. நோன்பு, விரதம், வாந்தி, வேலை நேரம் எதுவானாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நேரத்தை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். வியர்த்து, கை நடுங்கி, பசி பிடுங்கினால் உடனே மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் கரைத்துக் குடியுங்கள். வோக்ளிபோஸ் என்ற சர்க்கரை மருந்து சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சீனியும் மிட்டாயும் வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வயதானவர், சிறுநீரகம் சரியில்லாதவர் என்றால், முழித்துப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். சில மணி நேரத்தில் மறுபடியும் சர்க்கரை இறங்கும்.

டாபாக்ளிஃப்ளோசின் வகையில் மர்மப் பகுதியில் அரிப்பும் பூஞ்சையும் வரலாம். பெண்கள் மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்துவிட்டு மாத்திரையை மட்டும் கமுக்கமாக நிறுத்திவிடுகிறார்கள். சொல்லுங்கள் அம்மா, சுலபமாகக் குணமாகிற விஷயம். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாத நாளில் அதை நிறுத்திவையுங்கள். ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்னாலேயே நிறுத்த வேண்டும். கண் ஆபரேஷனா, கால் ஆபரேஷனா என்று நீங்களே முடிவு செய்யாமல் கேளுங்கள்.

"முதல்ல அரைக் குளிகை, இப்ப மூணு. தின்னு தின்னு ஒடம்பு பழகிட்டு" என்பது அடுத்த குற்றச்சாட்டு. உடம்பு பழகவில்லை. கணையத்தின் இன்சுலின் சுரப்பு வருடத்துக்கு வருடம் குறைகிறது, நீங்கள் மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும். பிரிட்டனில் 1977-ல் தொடங்கி, புதிதாகச் சர்க்கரை வந்த ஐயாயிரம் பேருக்கு மேல் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். எந்த மருந்து கொடுத்தாலும் காலப்போக்கில் சர்க்கரை மெல்ல ஏறத்தான் செய்தது. ஆனால் மாத்திரையாலோ இன்சுலினாலோ எச்பிஏ1சி-யை 7.0 அளவில் வைத்திருந்தவர்களுக்கு, 7.9-ல் இருந்தவர்களைவிடக் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தநாளப் பாதிப்புகள் கால் பங்கு குறைவு. சோதனை முடிந்து பத்து வருடம் கழித்து, 2008-லும் அந்த லாபம் மிச்சம் இருந்தது. முதல் சில வருடக் கட்டுப்பாடு பிந்தியும் வட்டி தருகிறது. நம் ஆட்கள் அந்த முதல் சில வருடத்தைத்தான் "இப்போ நார்மல் ஆயிட்டு" என்று கோட்டை விடுகிறார்கள். நார்மல் ஆனது மாத்திரையால். எடை நன்றாகக் குறைந்தவர்களுக்கு மாத்திரையைக் குறைக்க முடியும், சிலருக்கு நிறுத்தவும் முடியும். ஆனால் அதைப் பரிசோதனை பார்த்துச் செய்ய வேண்டும், மச்சினனைப் பார்த்து அல்ல.

இன்சுலின் என்றதும் எழுந்து ஓடுகிறவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும். தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிறவர்கள் இன்சுலினை மீனோடு ஐஸில் புதைத்து வைக்கிறார்கள். உறைந்த இன்சுலின் வேலை செய்யாது, உருகின பிறகும்தான். ஐஸைத் தொடாமல், தெர்மோஸில் வையுங்கள். திறந்த குப்பி வெயில் படாத இடத்தில் நாலு வாரம் தாங்கும். வீட்டிலும் ஃப்ரீசரில் வேண்டாம், ஃப்ரிட்ஜ் கதவில் போதும்.

பெயரில்லாத பொடிகளைப் பற்றியும் கேட்பீர்கள். சித்த மருத்துவத்தோடு எனக்குச் சண்டையில்லை. வர்மமும் வைத்தியமும் பிறந்து வளர்ந்த மண் இது, படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள். லேபிள் இல்லாத டப்பாவில், "மூணு மாசத்தில் சுகர் காலி" என்று வருகிற பொடியைத்தான் சொல்கிறேன். அதில் ஆங்கில மாத்திரையையே பொடித்துக் கலப்பதும் உண்டு. எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே சாப்பிடுவீர்கள்.

வருடத்துக்கு ஒரு முறை சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பாருங்கள். கிரியாட்டினின் ஏறும் வரை காத்திருந்தால் பாதி வண்டி போய்விடும். கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி. டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் கிழங்கையும் ஏத்தங்காயையும் விட்டுவிட்டு வருகிற தந்திரம் அதனிடம் எடுபடாது.

அருமனைக்காரரின் விரல் போகும் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். கால் மிஞ்சலாம். இன்சுலின் தொடங்கியாயிற்று. சிறுநீரகம் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று இன்னும் சில வாரத்தில் தெரியும். அவருடைய தம்பியும் சர்க்கரைக்காரர், அவரும் மாத்திரையை நிறுத்தி ஒன்பது மாதம். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்தது, துபாயிலிருந்து மகன் கொடுத்துவிட்டது, கடைக்காரர் பெயர் தெரியாமல் வெட்டித் தந்த துண்டு, வலி மாத்திரை, பொடி, எல்லாம். பெயர் வேறாக இருந்தாலும் மருந்து ஒன்றாக இருக்கும். ஒரே கிளிமிபிரைடை இரண்டு பெயரில் சாப்பிட்டு மயங்கி வந்தவர்கள் உண்டு. உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் காட்டுங்கள். அவசரத்தில் நான் கேட்க மறந்தாலும் காட்டுங்கள்.