சம்பளம்: வழிக்குக் கட்டிய சோறு

அக்கா மகனுக்குப் போன வருடம் முதல் வேலை கிடைத்தது. ஆஃபர் லெட்டரில் சிடிசி (ஓர் ஆளுக்குக் கம்பெனி போடும் வருடக் கணக்கு) ஆறு லட்சம் என்று போட்டிருந்தது. அக்கா உடனே பன்னிரண்டால் வகுத்தாள். மாதம் ஐம்பதாயிரம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி போனது. முதல் மாதக் கடைசியில் பையன் செல்போனுக்கு வங்கிக் குறுஞ்செய்தி வந்தது: 39,238 ரூபாய். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "மீதிச் சம்பளம் எங்கேடா?"

பையன் என்னைப் பார்த்தான். "மாமா, நீங்க சொல்லுங்க." கணக்கைச் சொல்லிப் புரியவைத்துவிட்டேன். அதன் பிறகுதான் அக்கா கேட்ட அந்தச் சொல் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. சம்பளம் என்றால் என்ன?

பள்ளிக்கூடத்தில் ஒரு விளக்கம் சொல்லிக் கொடுத்தார்கள். இன்றும் வாட்ஸப்பில் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காலத்தில் வேலைக்குக் கூலியாகச் சம்பா நெல்லும் அளத்து உப்பும் கொடுத்தார்களாம். சம்பா, அளம் இரண்டும் சேர்ந்து சம்பளம் ஆனதாம். கூடவே ஒரு கொசுறு: ஆங்கிலத்து ‘சாலரி’யும் உப்பிலிருந்து வந்ததுதானே, பார்த்தீர்களா, ரோமும் தமிழகமும் ஒன்றே!

கேட்க இனிக்கத்தான் செய்கிறது. நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் நின்று பார்த்தால் நிற்காது. சம்பாவோடு அளம் சேர்ந்தால் நடுவில் ‘வ்’ வர வேண்டும். நிலாவும் ஒளியும் சேர்ந்தால் நிலாவொளி ஆவது போல, சம்பாவளம் என்று ஆகியிருக்கும். அளம் என்பது உப்பு விளைகிற நிலம். அதனால்தான் உப்பளம் என்கிறோம். யாரும் யாருக்கும் மாதாமாதம் உப்பளத்தை அளந்து கொடுத்திருக்க முடியாது. இதையெல்லாம்விடப் பெரிய இடறல், சம்பா நெல்லைப் பற்றிய பேச்சே இல்லாமல் கன்னடக்காரர் ‘சம்பள’ என்கிறார், மலையாளி ‘சம்பளம்’ என்கிறார். அதே சொல், அதே பொருள்.

ரோமானியக் கதையும் பாதிதான் சரி. ‘சாலரி’ லத்தீனின் ‘சலாரியும்’ என்ற சொல்லிலிருந்து வந்தது; அதற்குள் உப்பைக் குறிக்கும் ‘சால்’ இருக்கிறது. அதுவரை சரி. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானிய எழுத்தாளர் பிளினியும் இரண்டையும் தொடர்புபடுத்தி ஒரு வரி எழுதியிருக்கிறார். ஆனால் படைவீரனுக்கு உப்பை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள் என்று அந்தக் காலத்தவர் யாரும் எழுதி வைக்கவில்லை. ரோமப் படைவீரன் வாங்கியது காசு. அதற்குப் பெயர் ‘ஸ்டிபெண்டியும்’. ஆராய்ச்சி மாணவர்கள் வாங்கும் ‘ஸ்டைபெண்ட்’ அதன் பேத்தி. நம் சம்பா-அளக் கதை, ‘சாலரி’க்கு ஜோடி சேர்ப்பதற்காகவே யாரோ கட்டியதோ என்பது என் சந்தேகம்.

அப்படியென்றால் எங்கிருந்து வந்தது? வடமொழியில் ‘சம்பல’ என்று ஒரு சொல் உண்டு. வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவு என்று பொருள். பாலியிலும் உண்டு. இந்தியில் ‘சம்பல்’ என்றால் இன்றும் வழித்துணை, ஆதாரம். மங்கலம் வாய்க்கு வாய் மாறி மங்களம் ஆனது போல, ‘சம்பல’ தெற்கே வந்து சம்பளம் ஆனது. வேலையாகத் தொலைவுக்குப் போகிறவனுக்கு வழியில் சாப்பிடக் கொடுத்தது, மெல்ல மெல்ல வேலைக்கே கொடுப்பதாகிவிட்டது. சம்பாதிப்பதும் சம்பாவிலிருந்து வந்ததில்லை, அதுவும் வடக்கிலிருந்து வந்த வேறொரு சொல். சம்பா நெல் பாவம், தன் பெயரில் ஓடும் எந்த வழக்கிலும் அதற்குப் பங்கில்லை.

இந்த வழிச்சோற்றுக்குத் தமிழில் அழகான ஒரு சொல் இருந்தது: ஆற்றுணா. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. ‘ஆற்றுணா வேண்டுவது இல்’ என்று பழமொழி நானூற்றில் வருகிறது. நன்றாகப் படித்தவனுக்கு எந்த நாடும் வேற்று நாடில்லை, ஆகவே அவன் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை என்கிறது அந்தப் பாட்டு. படித்தவனுக்கு ஆற்றுணா தேவையில்லை என்றார்கள். நாமோ அந்த ஆற்றுணாவுக்காகவே படிக்கிறோம். சொல்லுக்குச் சொல் வைத்தால் சம்பளத்துக்கு நேரான தமிழ் ஆற்றுணாதான். ‘மாப்பிள்ளைக்கு என்ன ஆற்றுணா?’ என்று பெண் வீட்டார் கேட்பதைக் கற்பனை செய்து பாருங்கள். வேண்டாம்.

வேலைக்குத் தருவதைக் குறிக்கும் சொற்களைத் தட்டிப் பார்த்தால் பலவற்றிலிருந்தும் நெல்தான் உதிர்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயிலில் ஆடிப் பாடிய பெண்களுக்கு, ஆளுக்கொரு வீடும் ஒரு பங்கும் என்று கல்வெட்டு சொல்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், அதுவும் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்து. எந்த மரக்கால் என்றுகூடக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அளக்கிறவன் சின்ன மரக்காலை எடுத்துவிடக் கூடாதே என்ற கவலை அன்றைக்கும் இருந்திருக்கிறது.

படியும் அப்படித்தான். இன்று அகவிலைப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி என்று அரசு ஊழியர் சீட்டில் வரிசையாக நிற்கிறதே, அந்தப் படியைக் கேட்டதும் எனக்கு அரிசி அளக்கும் படிதான் கண்முன் வருகிறது. ‘படியளக்கிற மகராசன்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டிரைவர்களும் சினிமாத் தொழிலாளர்களும் கேட்கும் பேட்டா, நெல்லைக் குறிக்கும் கன்னடத்துப் ‘பத்த’த்திலிருந்து ஆங்கிலேயர் வாய்வழி வந்தது என்பார்கள். கூலியையே தானியத்தைக் குறிக்கும் கூலத்தோடு சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறேன், சம்பா-அளத்தில் ஒருமுறை ஏமாந்தவன் அல்லவா.

சரி, ‘தூய தமிழில்’ சம்பளத்துக்கு என்ன சொல்வது? கேட்டவுடன் எல்லோரும் ஊதியம் என்பார்கள். அரசாணையிலும் செய்தித்தாளிலும் அதுதான். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. வள்ளுவரிடம் ஊதியம் என்றால் லாபம். ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்கிறார். முதல் போடாதவனுக்கு லாபம் கிடையாது என்பதுதான் அதன் பொருள், சம்பளம் கிடையாது என்பதல்ல. அப்படியானால் வேலை செய்தவன் வாங்குவது என்ன? அதையும் அவரே சொல்கிறார்: ‘முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.’ உடம்பு வருந்தியதற்குக் கிடைப்பது கூலி. ஆக வள்ளுவர் கணக்கில் ஊதியம் முதலாளிக்கு, கூலி வேலைக்காரனுக்கு. இன்று வேலைக்காரன் வாங்குவதற்குத்தான் ஊதியம் என்று பெயர். முதலாளிக்கு லாபம் என்று தனிச் சொல் ஏற்பாடாகிவிட்டது.

பொருள் நுட்பமாகப் பார்த்தால், வேலைக்குப் பதிலாகத் தரும் பணத்துக்குச் சரியான பழைய சொல் கூலிதான். ஆனால் எந்த ஐ.டி. கம்பெனி ஊழியரிடமாவது ‘உங்கள் மாதக் கூலி எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டு முழுதாகத் திரும்பி வர முடியுமா? நாளுக்கு வாங்கினால் கூலி, மாதத்துக்கு வாங்கினால் சம்பளம், சட்டத்தில் எழுதினால் ஊதியம் என்று ஏணிப்படி போட்டு வைத்திருக்கிறோம். வேலையில் இல்லாத சாதி, சொல்லில் வந்துவிட்டது என்று எழுதப் பார்த்தேன். வேலையிலும்தான் இருக்கிறது, அது தனிக் கதை.

கூலிக்கு இந்த இழிவு ஏறியதில் ஆங்கிலேயனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆங்கிலத்தில் ‘கூலி’ என்றால் வாங்கும் பணம் அல்ல, வாங்குகிற ஆள். அந்த ஆங்கிலச் சொல் நம் கூலியிலிருந்து போனதா, குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து வந்ததா என்று வழக்கு உண்டு. எப்படியோ, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர்த் தோட்டத்துக்கும் ஆள் பிடிக்கும் கங்காணிகள் ஓட்டிக்கொண்டு போன தமிழர்கள் மேல் அது பச்சை குத்தியது போல ஒட்டிக்கொண்டது. மனிதன் பெயர் போய் அவன் வாங்கும் காசே பெயரானது. இதை மறக்காதவர்கள் இலங்கையின் மலையகத் தமிழர்கள்தான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் நாளுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2021இல்தான் அது அரசிதழில் வந்தது. அந்தப் போராட்டச் செய்திகளை எடுத்துப் பாருங்கள். ‘நாட்கூலி’ என்று தேடினால் அரிதாகத்தான் கிடைக்கும். அவர்கள் சொல்வது நாட்சம்பளம். நாள் கணக்கில் வாங்கினாலும் அது சம்பளம்தான். எனக்குத் தெரிந்து இந்த வழக்கில் வந்த ஆகச் சரியான தீர்ப்பு அது. எங்கள் ஊர்ப்பக்கம் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும் ‘சம்பளம் ஏறிடுச்சா?’ என்றுதான் வங்கியில் கேட்கிறார்கள்.

கடன் வாங்கிய சொல் இவ்வளவு தூரம் ஊறிவிட்டது என்பதற்கு இன்னொரு சாட்சி கிம்பளம். காப்பி கீப்பி, புலி கிலி என்று எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு ‘கி’ போட்டு இழுப்பது நம் வாய். அப்படிச் சம்பளத்துக்குப் பின்னால் வந்தது கிம்பளம். கீப்பிக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. கிம்பளமோ முன்னால் போன அண்ணனை விட்டுப் பிரிந்து வந்து, லஞ்சம் என்று சொந்தக் குடித்தனம் வைத்துவிட்டது. ‘சம்பளத்தைவிடக் கிம்பளம் ஜாஸ்தி’ என்றால் விளக்கமே வேண்டாம். வேறெந்த எதிரொலிச் சொல்லுக்கும் இப்படி ஒரு வாழ்வு வந்து நான் பார்த்ததில்லை. ஊதியத்துக்குப் பின்னால் வரும் ‘கீதியம்’ இன்னும் தனிக்குடித்தனம் போகவில்லை. நல்லவேளை.

இப்போது அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். சிடிசி என்பது சம்பளமே இல்லை. ‘காஸ்ட் டு கம்பெனி’, அதாவது இந்த ஆளை வைத்திருப்பதால் கம்பெனிக்கு ஆகும் செலவு. பையனின் ஆறு லட்சத்தில் அடிப்படைச் சம்பளம் நாற்பது சதவீதம், மாதம் 20,000. அதில் பன்னிரண்டு சதவீதம் கம்பெனி தன் பங்காக வருங்கால வைப்பு நிதிக்குக் கட்டுகிறது. வருடத்துக்கு 28,800. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) என்று 4.81 சதவீதம், 11,544. பணிக்கொடை பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும். இவன் ஐந்து மாதம் தாண்டுவானா என்பதே எனக்குச் சந்தேகம். ‘வேரியபிள் பே’ 60,000. அது வருடக் கடைசியில், நன்றாக வேலை செய்தான் என்று மேலாளருக்குத் தோன்றினால். மிச்சத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் 41,638. அதிலிருந்து வைப்பு நிதிக்கு இவன் பங்கு 2,400 பிடித்தம்.

பிடித்தம் என்ற சொல்லை ரசிக்காமல் போக முடியவில்லை. யாருக்கும் பிடிக்காத ஒன்றுக்கு அந்தப் பெயர்.

சிடிசிக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் நான் ஆட்செலவு என்பேன். ஓர் ஆளுக்கு ஆகும் செலவு. கொஞ்சம் முரடாக ஒலிக்கிறது, ஆனால் ‘உங்கள் ஆட்செலவு ஆறு லட்சம்’ என்று கடிதத்தில் இருந்தால் எந்த அக்காவும் பன்னிரண்டால் வகுத்திருக்க மாட்டாள். ‘டேக் ஹோம்’ என்பதற்குப் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். ‘கைக்கு எவ்வளவு வரும்?’ என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. சட்டமும் இந்தக் குழப்பத்தைக் கவனிக்காமல் இல்லை. 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு, அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஊதிக் காட்டும் வேலைக்கு ஒரு வரம்பு கட்டுகிறது. விலக்கி வைத்த படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியக் கணக்கில் சேரும்.

பழகிய இடத்தில் சம்பளம் இருக்கட்டும். விண்ணப்பத்தில், அரசு ஆவணத்தில் ஊதியம் என்று எழுதுங்கள், யாரும் அடிக்க வர மாட்டார்கள். இலங்கையில் எழுதினால் வேதனம் என்றும் போடலாம், அங்கே அது புழக்கத்தில் இருக்கிறது, அதுவும் வடமொழிதான். கூலியை மட்டும் தாழ்வாகச் சொல்லாதீர்கள். அதுதான் வள்ளுவர் கைப்பட்ட சொல்.

இதையெல்லாம் அக்காவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விவரமாகச் சொன்னேன். வழிச்சோறு, மரக்கால், ஆட்செலவு எல்லாம். வெங்காயம் உரித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அதெல்லாம் சரிடா, பொண்ணு வீட்ல கேட்டா நான் ஆறு லட்சம்னே சொல்லிக்கறேன்" என்றாள்.