சாவி உங்களிடம், பூட்டு சர்வரில்

வேர்ட்பிரஸ் தளம் ஒன்றை, கோப்புகளை ஏற்றவும் இறக்கவும் உதவும் பழைய முறையான எஃப்டிபி வழியாக முழுதாக இறக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த அலுப்பு தெரியும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு. சர்வருக்கு உள்ளேயே நின்று 'டார்' கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், இறக்க வேண்டியது ஒரே கோப்புதான். அப்படித் தொலைவிலிருந்தே உள்ளே போய் நின்று கட்டளையிட வழிவிடும் பாதுகாப்பான இணைப்புமுறைதான் எஸ்எஸ்ஹெச்.

1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அங்கிருந்த டாட்டு யுலோனன் அதற்குத் தீர்வாக எழுதியதுதான் இது. அதுவரை தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்பட்ட டெல்நெட்டில் கடவுச்சொல் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே கம்பியில் போனது. சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் 'போர்ட்' என்ற எண்ணிட்ட வாசல் உண்டு: எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. இரண்டின் இடத்தையும் பிடிக்க வந்ததற்கு நடுவில் காலியாக இருந்த போர்ட் 22 கிடைத்தது. ஒரே சர்வரைப் பலருக்குப் பகிர்ந்து தரும் 'பகிர்வு ஹோஸ்டிங்' நிறுவனங்கள் பல வேறு எண் வைத்திருக்கும். இணைப்பே கிடைக்காவிட்டால் முதலில் அந்த எண்ணை அவர்களிடம் கேளுங்கள்.

முதல்முறை இணையும்போது சர்வரின் 'கைரேகை'யை, அதாவது அதை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடரைக் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். பெரும்பாலோர் படிக்காமலே 'யெஸ்' அடித்துவிடுகிறார்கள். நடுவில் ஒருவன் சர்வர் வேடம் போட்டு நின்றால் அவனைக் காட்டிக்கொடுப்பது அந்த ஒரு வரிதான். ஹோஸ்டிங் நிறுவனம் தரும் கைரேகையோடு ஒப்பிட்டுவிட்டு அடியுங்கள். பின்னொரு நாள் அது மாறிவிட்டதாகப் பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்தால், சர்வரை மாற்றினார்களா என்று விசாரிக்கும்வரை மேலே போகக்கூடாது.

கடவுச்சொல்லைவிடச் சாவி ஜோடி நல்லது. 'எஸ்எஸ்ஹெச்-கீஜென்' கட்டளையில் 'இடி25519' வகையைத் தேர்ந்தால் இரண்டு கோப்புகள் உருவாகும். '.பப்' என்று முடிவது சர்வருக்குப் போகும் பூட்டு; மற்றது உங்கள் கணினியை விட்டு நகரவே கூடாத சாவி. உள்நுழையும்போது அந்த இணைப்புக்கே உரிய ஒரு தகவலில் உங்கள் கணினி சாவியால் கையெழுத்திடும். சர்வர் பூட்டை வைத்துச் சரிபார்க்கும். சாவி கம்பியில் போவதே இல்லை. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் வலைப்பக்கமான சிபேனலில் பூட்டை ஏற்றிய பிறகு 'ஆத்தரைஸ்' பொத்தானையும் அழுத்த வேண்டும். பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் 'பெர்மிஷன் டினைட்' என்று வருகிறதா? கோப்பு அனுமதிகளைப் பாருங்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1; வேண்டியவற்றைக் கூட்டினால் ஓர் இலக்கம். மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர். பூட்டுகள் இருக்கும் '.எஸ்எஸ்ஹெச்' ஃபோல்டருக்கு 700, உள்ளே இருக்கும் 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்புக்கு 600. யாரோ சொன்னார்கள் என்று ஹோம் ஃபோல்டருக்கு 777 கொடுத்திருந்தால், அதே சர்வரில் உள்ள வேறு எவரும் தன் பூட்டை உள்ளே செருகிவிட முடியும். அதனால் சர்வர் உங்கள் பூட்டையே ஏற்காது. காரணத்தை உங்களுக்குச் சொல்லாது. அது சர்வரின் லாகில், அதாவது நிகழ்வுப் பதிவேட்டில் மட்டும் பதிவாகும், பகிர்வு ஹோஸ்டிங்கில் அந்த லாக் உங்கள் கண்ணில் படாது. தளத்தின் கோப்புகளுக்குப் பொதுவாக 644, ஃபோல்டர்களுக்கு 755 போதும்.

பெரிய டேட்டாபேஸை ஏற்றும்போது வைஃபை அறுந்தால் வேலையும் பாதியில் செத்துவிடும். சர்வரிலேயே ஓர் அமர்வைத் திறந்து வைக்கும் 'ஸ்க்ரீன்' அல்லது 'டிமக்ஸ்' நிரலுக்குள் வேலையைத் தொடங்கினால் இணைப்பு போனாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி நுழைந்து விட்ட இடத்தில் தொடரலாம்.

மாற்றங்களை மட்டும் அனுப்ப 'ஆர்சிங்க்' அருமையான கருவி. ஆனால் 'டிலீட்' தேர்வைச் சேர்த்தால், உங்கள் கணினியில் இல்லாதவற்றைச் சர்வரிலிருந்து அழித்துவிடும். வாசகர்களும் ஆசிரியர்களும் நேரடியாகத் தளத்தில் ஏற்றிய படங்கள் முதலில் போவது இப்படித்தான். முதலில் 'ட்ரை-ரன்' (ஒத்திகை), 'வெர்போஸ்' (விவரமாகக் காட்டு) என்ற தேர்வுகள் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். எவை போகும், எவை அழியும் என்ற பட்டியல் மட்டும் திரையில் வரும், ஒரு கோப்பும் தொடப்படாது.